ஒற்றைச் செங்கல் முகப்பு

டெர்பிஷயர், ஞாயிறு

அன்புள்ள மேபெல்,

உன் இருமல் குறைந்ததா? பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, இடிக்கப்போகும் மாளிகையை எதற்காக அளந்து வரைய வேண்டும் என்று கேட்டாய். வியாழக்கிழமை பாதி பதில் கிடைத்தது.

இருநூறு வருடங்களுக்கு முன்பு இந்த வீட்டுக்காரர், நாகரிகத்துக்காகப் பழைய மரவீட்டின் முன்னால் ஒற்றை வரிசைச் செங்கல்லைப் போர்த்தினார், புத்தகத்துக்கு அட்டை போட்ட மாதிரி. அதை இழுத்துப் பிடித்திருந்தது கூரைதான். இடிப்பவர்கள் தங்கள் வழக்கப்படி, மேலே வேய்ந்திருந்த ஈயத் தகட்டுக்காகக் கூரையை முதலில் பிரித்துவிட்டார்கள்.

மேஸ்திரி ஹக்கின்ஸிடம் இதைச் சொல்லி, முகப்பில் சாய்த்த ஏணியில் நின்ற கூலிப் பையன் வில்ஃபை இறக்கச் சொன்னேன்.

"மூணடி கனச் சுவர் வாத்தியாரே. பீரங்கி வச்சாலும் அசையாது. நீங்க பென்சிலைச் சீவுங்க," என்று சொல்லிச் சுவரில் கடப்பாரையால் ஓங்கிக் குத்தினார்.

முகப்பு மொத்தமாக உரிந்து விழுந்தது. ஹக்கின்ஸின் காது கிழிந்து தொங்கியது. ஏணி சிதறி, வில்ஃப் செங்கற்களுக்கு அடியில் போனான். வெறுங்கையால் தோண்டினோம். அவன் கால் எலும்பு துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது.

"மெதுவா இழுங்க சார், பூட்ஸ் புதுசு," என்றான்.

பிழைத்துவிட்டான். ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

எனக்கு ஒரு பல்லும் கண்ணாடியும்தான் போயின, கவலைப்படாதே. பழைய கண்ணாடியையும் கம்பளிக் காலுறையையும் அனுப்பு. சாயங்காலம் இங்கே பேச ஆளில்லை, நீளமாக எழுது. தபால்காரர் காத்திருக்கிறார்.

உன் எட்வின்

பி.கு.: நம் வீட்டு முன்சுவரும் பிற்பாடு சேர்த்ததுதான். விரல் முட்டியால் தட்டிப் பார். காலிப் பெட்டி மாதிரி ஒலித்தால், இன்றே கட்டிலைப் பின்னறைக்கு மாற்று.