நான் நீக்கிய வரி

பிப்ரவரி 3
எங்கள் கம்பெனியின் குரல் பதிவுப் பெட்டியை இயக்கும் டிரைவர் நிரலில் ஒரே ஒரு வரியை நீக்கினேன். பெட்டியின் வேகம் கால் பங்கு கூடிவிட்டது! பேச்சு முதலில் செயலியின் கேஷில், கரண்ட் இருக்கும்வரை மட்டுமே தங்கும் தற்காலிக இடத்தில், வந்து விழும். அதைப் பொது நினைவகத்துக்குத் தள்ளிய பிறகுதான் சேமிப்பு அட்டை எடுத்து எழுத வேண்டும். "தள்ளு, முடியும்வரை நில்" என்பதுதான் அந்த வரி. புதிய சிப் தானாகவே தள்ளிவிடும் என்று நினைத்தேன். எழுதியதை உடனே படித்துப் பார்த்தேன், எல்லாம் சரி. டீம் லீடர் முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிப்ரவரி 9
இனி வைத்தியம் இல்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அக்கா அழவில்லை. "உன் பெட்டியில ஒண்ணு குடுடா. என் பொண்ணுக்காகப் பேசிப் பதிஞ்சு வைக்கணும்" என்றாள்.

பிப்ரவரி 10
வார்டில் பெட்டியை மாட்டிக் கொடுத்தேன். ஒண்ணு, ரெண்டு என்று நூறு வரை எண்ணிச் சோதித்தேன். "நீ வாத்தியார் வேலைக்கே போயிருக்கலாம்" என்று கிண்டலடித்தாள். அவள் பேசும்போது அறையில் யாரும் இருக்கக் கூடாதாம். "நான் போனப்புறம் அவ கேட்டாப் போதும்."

பிப்ரவரி 14
நான்கு பதிவுகள் முடித்துவிட்டாள். போட்டுக் கேட்டாளாம். "அப்படியே என் குரல்டா!"

பிப்ரவரி 17
காலை ஒன்பதே கால். அக்கா போய்விட்டாள். பெட்டியின் ஒயரைப் பிடுங்கிப் பைக்குள் வைத்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

மார்ச் 5
அக்கா மகளுக்குப் போட்டுக் காட்டினேன். நான்கு பதிவும் இருந்தன, நீளமும் சரி. உள்ளே வெறும் இரைச்சல். நடுநடுவே நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

"அம்மா எப்ப மாமா பேசுவாங்க?"

பதினொரு வயசு. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தான் எழுந்து வெளியே போய்விட்டார்.

மார்ச் 6
தேடவே தேவையிருக்கவில்லை. தள்ளச் சொல்ல அந்த வரி இல்லாமல் அக்காவின் பேச்சு கேஷிலேயே நின்றுவிட்டது. கேஷிலிருந்து முன்பே நினைவகத்துக்கு வழிந்திருந்த பழையதை, என் குரலை, அட்டை எழுதிக்கொண்டது. அவள் போட்டுக் கேட்டபோதும், நான் சோதித்தபோதும், குரல் கேஷிலிருந்தே வந்திருக்கிறது. ஒயரைப் பிடுங்கியதும் எல்லாம் போச்சு — பிடுங்கினதும் நான்தான். ஒரு தடவை அணைச்சுப் போட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே. அஞ்சு நிமிஷம் ஆகுமாடா உனக்கு?

மார்ச் 7
வரியைத் திரும்பப் போட்டேன். "வேகம் போச்சேப்பா" என்றார் டீம் லீடர். காரணத்தைச் சொன்னேன். வெளியே போன பெட்டிகளையெல்லாம் திரும்ப வரவழைக்கச் சொல்லிவிட்டார்.

மார்ச் 12
அட்டையைச் சல்லடை போட்டுத் தேடியதில், கேஷ் நிரம்பியபோது தானாக வழிந்த ஒரு துண்டு கிடைத்தது. ஒன்பது நொடி. அக்காதான். இதை எப்படிக் கொடுப்பேன்? கொடுக்காமல்தான் எப்படி இருப்பேன்?

மார்ச் 15
அக்கா மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் — வரியை நீக்கியது, சரியாகச் சோதிக்காமல் விட்டது.

"தெரியாமத்தானே மாமா."

தெரிந்திருக்க வேண்டியவன் நான். அந்தத் துண்டைப் போட்டேன்.

"இது உன் மாமா செஞ்ச பெட்டி, கண்ணு. எதுவும் தொலையாது. நான் நிதானமாப் பேசறேன்..."

அவ்வளவுதான்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை போடுங்க மாமா."

போட்டேன்.