மாமி நடந்துபோன மடு வழி

றோசலின்,

முந்தாநாளிலிருந்து நீ என்னோட கதைக்கிறதில்லை, அதாலதான் இந்தக் கடதாசி. புட்டு அவிச்சு மூடி வைச்சிருக்கிறன். கதவைப் பூட்டின திறப்பு கோழிக்கூட்டுக்கு மேல. உபதேசியார் வந்தால், மாமியின்ர முப்பத்தோராம் நாள் பூசை எத்தனை மணிக்கு எண்டு கேட்டு வை.

இண்டைக்கு மில்லில மூட்டை தூக்கப் போகேல்லை. மாமியின்ர நினைவு மலரை அச்சடிக்க வவுனியாவுக்குக் கொண்டு போறன். தொண்ணூறு வயது வரைக்கும் வருசம் தவறாமல் மடு மாதா திருவிழாவுக்கு நடந்தே போனவ எண்டு தன்ர அம்மாவைப் பற்றி உன்ர அண்ணர் அதில எழுதியிருக்கிறார். நான் நாப்பது வயதில எழுத்துப் படிச்சவன். அச்சில வாறதெல்லாம் மெய்யாய் இருக்கவேணும் எண்டு நினைக்கிற ஆள். கடைசிப் பதினொரு வருசமும் என்ர சைக்கிள் கரியரில இருந்துகொண்டு, "மெதுவாய் மிதியும் ஸ்ரீபன், செபம் பிழைக்குது" எண்டது ஆர்? முந்தாநாள் எல்லாருக்கும் முன்னால அதைச் சொல்லப்போய்த்தான் சனம் சிரிச்சது, நீ அழுதனி.

ராத்திரி அந்த வரியை வெட்டத்தான் பேனையை எடுத்தன். ஆனா கோயில் தெரியிற வளைவில ஒவ்வொரு வருசமும் இறங்கிடுவா. வீங்கின காலோட அந்தத் துண்டு வழிக்கு ஒரு மணித்தியாலம். கையைப் பிடிக்கவும் விடமாட்டா. நடந்தவதான். வரி அப்பிடியே கிடக்குது.

ஸ்ரீபன்

மறந்துபோனன்: "ஒருவரையும் கடிந்து பேசாதவர்" எண்டும் ஒரு வரி இருந்தது. அதை வெட்டிப்போட்டன். அதை அச்சடிச்சால், அவா எழும்பி வந்து முதல் எனக்குத்தான் ஏசுவா.