பி.பி. நம்பர் 3164

துலூஸ், பிரான்ஸ்
12.3.1976

அன்புள்ள வேம்புவுக்கு,

ஜெயம் அக்கா எழுதுவது. சுகமாக வந்து சேர்ந்தோம். வசந்தாவும் மாப்பிள்ளையும் விமான நிலையத்துக்கே வந்திருந்தார்கள். இங்கே குளிர் எலும்புக்குள் போகிறது. உன் அண்ணன் மட்டும் பழைய சொல்தா ஆயிற்றே, பிரெஞ்சுப் பட்டாளத்தில் பார்க்காத குளிரா என்று வெறும் சட்டையோடு திரிகிறார்.

வீட்டை உனக்கு வாடகைக்கு விட்டு வந்ததில் நிம்மதி. எதிர் வீட்டில் இத்தனை காலம் இருந்தவள், உன்னைவிட யார் பார்த்துக்கொள்வார்கள்? ஒன்றே ஒன்று கையைப் பிடித்துக் கேட்கிறேன். போன் இணைப்பை எடுத்துவிடாதே, நம்பர் மாறிவிடக் கூடாது. பட்டாளத்தில் சேரச் சொல்லி உன் அண்ணன் அடித்தார் என்று என் பிள்ளை ஆதிமூலம் வீட்டை விட்டுப் போய் மூன்று வருஷமாகிறது. கடிதம் எழுதுகிற பிள்ளை இல்லை அவன். என்றைக்காவது மனசு இறங்கினால் 3164-க்குத்தான் கூப்பிடுவான். அப்போது யாராவது எடுத்து எங்கள் விலாசத்தைச் சொல்ல வேண்டும்.

உன் அக்கா,
ஜெயம்


புதுச்சேரி
4.4.1976

பாசமுள்ள ஜெயம் அக்காவுக்கு,

வேம்பு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. என் பையன் ஜானகிராமனுக்கு வேலை கிடைத்துவிட்டது. கொல்லையில் உங்கள் முருங்கை காய்த்துத் தள்ளுகிறது, தெருவுக்கே கொடுக்கிறேன்.

நம்பரைப் பற்றிக் கவலை வேண்டாம். அது உங்களுக்கு மட்டுமா நம்பர்? மில்லில், பள்ளிக்கூடத்தில், பையன் காதணி விழாப் பத்திரிகையில் என்று எல்லா இடத்திலும் 3164 பி.பி. என்று போட்டு உங்கள் போனைத்தானே எங்கள் போனாகக் கொடுத்தோம். “வேம்பு, ஒனக்குப் போனு” என்று நீங்கள் வாசலிலிருந்து கத்துவீர்கள், அடுப்பில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவேன். இப்போது போன் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது, கூப்பிடத்தான் அவர் இல்லை. வசந்தாவின் நிச்சயதார்த்தத்தன்று பார்த்து அவர் போனது என் தலையெழுத்து. பந்தி முடிந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லி, கட்டிய பட்டுப்புடவையோடு ரிக்‌ஷாவில் என்கூட ஆஸ்பத்திரிக்கு வந்தீர்களே, அதை நான் மறக்க மாட்டேன்.

பிள்ளை கூப்பிட்டால் அன்றைக்கே தந்தி அடிக்கிறேன்.

உங்கள் தங்கை,
வேம்பு


புதுச்சேரி
9.7.1981

ஜெயம் அக்காவுக்கு,

போன வாரம் கன்னியப்பன் அண்ணன் வந்திருந்தார். என் வீட்டுக்காரரோடு மில்லில் ஒரே ஷிப்டில் இருந்தவர், அவரை அன்று ஆஸ்பத்திரியில் சேர்த்தவரும் அவர்தான். காபி குடித்துக்கொண்டே உங்கள் போனைப் பார்த்தார்.

“இந்த நம்பருக்குத்தாம்மா அன்னிக்கி போன் அடிச்சேன். காலையில ஒம்போது மணி இருக்கும். ஒரு பொம்பள எடுத்து சொல்லிடறேன்னாங்க. கண்ணையன் ஒன்னத்தான் கேட்டுக்கிட்டே கெடந்தான். மத்தியானம் வரைக்கும் உசுரு இருந்துது. நீ ஏம்மா அவ்ளோ நேரங்கழிச்சி வந்தே?” என்றார்.

நீங்கள் என்னிடம் வந்தது பந்தி முடிந்த பிறகு. “இப்பத்தான் போன் வந்துது” என்றீர்கள். காலையிலிருந்து நான் உங்கள் சமையற்கட்டில் பாயசத்துக்கு முந்திரி உடைத்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் இருந்த போனுக்கும் எனக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

கன்னியப்பன் அண்ணன் பொய் சொல்கிறாரா, அக்கா?

வேம்பு


துலூஸ்
2.8.1981

அன்புள்ள வேம்புவுக்கு,

பத்து வருஷத்துக்கு முந்தையதை இப்போது கிளறி என்ன ஆகப்போகிறது? நீயும் ஒரு பொம்பளை, நீயே சொல். மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், தட்டு இன்னும் மாற்றவில்லை. அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரி என்று நான் வாயைத் திறந்து, நீ தலைவிரி கோலமாக அழுதுகொண்டு நடுக்கூடத்தில் ஓடினால் அந்தச் சம்பந்தம் நிற்குமா? சகுனம் பார்க்காதவர்கள் நம் ஊரில் யார்? மில்லில் மயங்கி விழுந்துவிட்டார் என்றுதான் அந்த ஆள் சொன்னார். தாம்பூலம் கை மாறட்டும், சாப்பிட்டு எழுந்திருக்கட்டும் என்று இருந்தேன். உன் தலையெழுத்து முந்திக்கொண்டது, அதற்கு நான் என்ன செய்வேன்? உன்னை நம்பி வீட்டையே விட்டுவிட்டு வந்தவள் நான்.

இதை மனசில் வைத்துக்கொண்டு போனில் கை வைத்துவிடாதே. என் பிள்ளை ஒருநாள் கூப்பிடுவான்.

ஜெயம்


புதுச்சேரி
30.8.1981

ஜெயம் அக்காவுக்கு,

போன் இணைப்பை எடுக்க மாட்டேன். ஜானகிராமன் இப்போது சேதராப்பட்டில் கம்பெனி வேலைக்குப் போகிறான். அரியாங்குப்பத்தில் வீடு பார்த்துவிட்டு, “இந்த ஒழுகுற வூட்ல ஏம்மா கெடக்கறே, கெளம்பு” என்று தினமும் சண்டை போடுகிறான். நான் போகவில்லை. அங்கே போனால் வேறு நம்பர்தான் கொடுப்பார்களாம். உங்கள் பிள்ளை கூப்பிட்டால் நான்தான் எடுக்க வேண்டும், வேறு ஒருத்தர் எடுத்துவிடக் கூடாது.

என்னைக் காலி செய்யச் சொல்ல வேண்டுமானால் சொல்லுங்கள். பூட்டிய வீட்டில் மணி அடித்தால் எடுப்பது யார் என்று யோசித்துக்கொண்டு சொல்லுங்கள்.

அவன் கூப்பிட்டால் தெரியப்படுத்துவேனா என்று மட்டும் கேட்காதீர்கள். அதையே நினைத்துக்கொண்டு நீங்கள் படுக்க வேண்டும், அதையே நினைத்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அதுதான்.

வேம்பு


துலூஸ்
20.9.1985

வேம்பு அம்மா,

உன் அண்ணன் படுத்த படுக்கையாகிவிட்டார். வைத்தியர்கள் கையை விரித்துவிட்டார்கள். கண் விழித்ததும் ஆதிமூலம் கூப்பிட்டானா என்றுதான் கேட்கிறார். அடித்த கையால் ஒருதரம் அவனைத் தொட வேண்டுமாம். எத்தனையோ கடிதம் போட்டேன், உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போனில் கூப்பிட்டால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். என்மேல் இருக்கிற ஆத்திரத்தை அவர்மேல் காட்டாதே. உன் காலில் விழுகிறேன். கூப்பிட்டானா, இல்லையா? அதை மட்டும் எழுது.

ஜெயம்


புதுச்சேரி
15.2.1986

ஜெயம் அக்காவுக்கு,

அண்ணன் காலமான செய்தியை வசந்தா எழுதியிருந்தாள். என் வீட்டுக்காரரின் பாடையைத் தோளில் தூக்கியவர் அவர். அவருக்காக அழுதேன். உங்களுக்காக அழவில்லை.

ஆதிமூலம் கூப்பிட்டான். ஆயுத பூஜைக்கு முந்தின நாள், பம்பாயிலிருந்து ட்ரங்க் கால். “அத்தே, இன்னும் அதே நம்பரா! சும்மா போட்டுப் பாத்தேன்” என்று சிரித்தான். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று சொன்னேன். பிறகு, “அப்பா எப்டி இருக்காரு? ஏங்கிட்ட பேசுவாரா?” என்றான். உங்கள் கடிதம் என் மேசைமேல் பிரித்தபடி கிடந்தது. “நல்லாத்தான் இருக்காங்க தம்பி” என்றேன். அவன் நம்பரைக் கொடுத்தான். “அவருக்கு இஷ்டம்னா கூப்பிடட்டும். நானா இனிமே கூப்பிட மாட்டேன்” என்று வைத்துவிட்டான்.

நல்ல நாள் கழியட்டும், எழுதலாம் என்று இருந்தேன் என உங்களைப் போல் நானும் சொல்லலாம். சொல்லப் போவதில்லை. வேண்டுமென்றேதான் எழுதவில்லை. தீபாவளி போயிற்று, பொங்கல் போயிற்று, தினமும் பேனாவை எடுத்தேன், தினமும் வைத்தேன். என் வயிறு குளிர்ந்ததா என்று கேட்டால், குளிர்ந்தது. வேறு மாதிரி எழுதினால் பொய்.

நாளைக்கு வீட்டைக் காலி செய்கிறேன். போன் வேண்டாம் என்று இலாகாவில் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. சாவி பக்கத்து வீட்டு பார்வதியிடம் இருக்கும்.

ஆதிமூலத்தின் நம்பரைத் தனித் துண்டில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கூப்பிடுங்கள். உங்கள் குரலைக் கேட்டதும் அப்பாவிடம் கொடு என்பான். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வேம்பு