வாய் திறக்காத எழுத்து

12-3-1936
மழை இல்லை. காய்ச்சலும் இல்லை. கொல்லிமலையில் இரண்டும் சேர்ந்து இல்லாத நாளை நல்ல நாள் என்றே எழுதலாம்.

தர்மகர்த்தா அருணாசலம் அடிவாரத்திலிருந்து ஆள் அனுப்பியிருக்கிறார். ஈஸ்வரனுக்கு நேர்ந்துவிட்ட மாடுகளுக்குப் புதிய சூட்டுக்குறி வேண்டுமாம். இதுவரை போட்டுவந்த சூலத்தையே கீழேயுள்ள கோயில் ஒன்றும் போடுகிறது. மேய்ச்சலில் இரண்டு சிவன்களின் மாடுகளும் கலந்துவிடுகின்றன. என்ன குறி என்பதைக் கணக்குப்பிள்ளையாகிய நானே தீர்மானிக்கலாமாம். இந்த உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த முதல் அதிகாரம்.

15-3-1936
அவக்ரகம் என்று தீர்மானித்தேன்.

கும்பகோணத்து அச்சகத்தில் பிழை திருத்திய காலமெல்லாம் இதற்காகத்தான் சண்டை போட்டேன். வடமொழியில் இரண்டு சொற்கள் சேரும்போது சில இடங்களில் பின்சொல்லின் முதல் ‘அ’ மறைந்துவிடும். மறைந்த இடத்தில் இங்கிலீஷ் எஸ் போல ஒரு வளைகோடு போடுவார்கள்: ऽ. அதற்கு ஒலி கிடையாது. “சத்தமே இல்லாததுக்கு எதுக்கய்யா ஈய எழுத்து?” என்று அச்சுக் கோப்பவர்கள் விட்டுவிடுவார்கள். நான் மறுபடி போடுவேன். அவர்கள் மறுபடி விடுவார்கள்.

கொல்லன் சின்னராசு ஒரே கம்பியில் வளைத்துக் கொடுத்துவிட்டான். “சூலத்தைவிட இது சுளுவுங்க.” அவக்ரகத்தை யாரும் இதுவரை இப்படிப் புகழ்ந்ததில்லை.

2-4-1936
வாசலூர்பட்டிப் பக்கம் சிறுத்தை நடமாட்டம். கோயில் பசு ஒன்று தொடையில் நகக்கீறலோடு, மற்றபடி முழுசாகத் திரும்பி வந்தது. எதிர்வீட்டுக் கண்ணாயி பார்க்க வந்தார். கருப்பண்ணனின் மனைவி, எனக்கு நாள் தவறாமல் மோர் தருபவர். கீறலைவிடக் குறியைத்தான் வெகுநேரம் பார்த்தார்.

“ஏனுங்க, இது என்ன எழுத்துங்க?”

“எழுதலாம்மா. வாயைத் திறந்து சொல்லக் கூடாது.”

“அப்ப வாய்க்கட்டுன்னு சொல்லுங்க! அதான் சிறுத்தைக்கு வாய் தொறக்கலே.”

மந்திரமல்ல, இலக்கணம் என்று சந்தி விதியைத் தொடங்கி முடிவு வரை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். “மந்தரத்தை வெளிய சொல்லப்படாதுன்னு சுத்தி வளைக்கறீங்க. தெரியுதுங்க சாமி” என்று சொல்லி மோரை வைத்துவிட்டுப் போனார்.

3-4-1936
விடிந்ததும் கருப்பண்ணன் தன் உழவு எருதுகள் இரண்டையும் குறி போடச் சொல்லி வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். போட்டேன். அவ்வளவு மோர் குடித்தவன் எப்படி மறுப்பது?

26-4-1936
செம்மேட்டுச் சந்தையில் சின்னராசு தன் சொந்தக் கம்பியோடு உட்கார்ந்திருக்கிறான். எடப்புளி நாட்டிலிருந்தெல்லாம் மாடுகள் வருகின்றன. உலகத்தில் வேறெந்த ஊரிலும் இத்தனை அவக்ரகங்கள் இரா. ஒன்றிலும் பிழை இல்லை.

பலாப்பழம் தின்றேன். மாலையில் பனி. சுகம்.

9-5-1936
தர்மகர்த்தா டோலியில் வந்து இறங்கினார். மலையெங்கும் கோயில் குறி! முகம் மலர்ந்துவிட்டது. மண்டபம் கட்ட வேண்டுமாம். குறி போட்ட மாடுகளையெல்லாம் நாளை மறுநாள் கீழே ஓட்டிப்போய் விற்க வேண்டுமாம்.

“அதில் பாதிக்கு மேல் குடியானவர்களுடைய மாடுங்க” என்றேன்.

“கோயில் குறி இருந்தா கோயில் மாடு. குறி போட்டவர் நீங்கதானே?”

நான்தான். என்ன பண்ணித் தொலைத்தேன்! கோடை மழை பெய்துவிட்டது. சாமை விதைக்கிற நேரம். எருது போனால் கருப்பண்ணன் எதை வைத்து உழுவான்? ஏரில் என்னைக் கட்டலாம். ஒரு ஜோடிக்கு நான் போதமாட்டேனே.

கண்ணாயி இன்றும் மோர் கொண்டுவந்தார். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். திட்டியிருந்தால் குடித்திருப்பேன்.

11-5-1936
கோயில் முன்னால் மலையே திரண்டுவிட்டது, மாடுகளும் சேர்த்து. தர்மகர்த்தா “ஓட்டுங்கடா” என்றதும் ஊர்க்கவுண்டர் அப்பாசாமி எழுந்தார்.

“இருங்க. எங்க நாட்டு மொறை ஒண்ணு இருக்குதுங்க. மாடு என்னுதுன்னு சொல்றவரு ஈசுவரன் முன்னால கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணிப்போட்டு ஓட்டிக்கலாம். ஒவ்வொரு மாட்டுக்கும் ஒவ்வொரு கற்பூரமுங்க.”

முதலில் கருப்பண்ணனின் எருது. கற்பூரம் ஏற்றினார்கள். தர்மகர்த்தாவின் கை நீண்டது, நடுவில் நின்றது, மூக்கைச் சொறிந்துகொண்டு திரும்பியது. பொய்க் கணக்குக்கு அஞ்சாதவர்கள் கற்பூரத்துக்கு அஞ்சுகிறார்கள்; அறநூல்கள் இதை முன்பே கண்டுபிடித்திருந்தால் எத்தனை காகிதம் மிச்சமாகியிருக்கும்.

“கணக்குப்பிள்ளை, நீர் அணையும்” என்றார்.

எனக்குக் கற்பூரத்தில் நம்பிக்கை இல்லை. ஆகவே அணைத்திருக்கலாம். ஏன் முடியவில்லை? எருதின் பக்கம் போய் நின்றேன்.

“இது கருப்பண்ணன் எருதுங்க. அவன் பிடிச்சுக்கிட்டான், நான் சூடு போட்டேன்” என்றேன். கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன் போலும்.

“சம்பளம் யார்கிட்ட வாங்கறீர்?”

“ஈஸ்வரன்கிட்டங்க. தாங்கள் எடுத்துக் கொடுக்கறீங்க.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கற்பூரம் தானாக எரிந்து தீர்ந்தது. அடுத்ததை ஏற்றச் சொல்லித் தர்மகர்த்தா கேட்கவில்லை.

பிறகு நடந்ததுதான் எனக்குப் புரியாதது. யாரும் கேட்காமலே குடியானவர்கள் மாட்டுக் கூட்டத்துக்குள் புகுந்து, “இது சாமி மாடு, இதும் சாமி மாடு” என்று கோயில் மாடுகளைப் பிரித்து ஓட்டிவிட்டார்கள். ஒன்றும் குறையவில்லை.

“கமுக்கமா வெச்சுக்கணும்னு ஒருத்தருக்கும் தோணலையா?” என்று கருப்பண்ணனிடம் கேட்டேன்.

“சாமி மாட்டுப் பாலைக் குடிச்சா வகுறு சும்மா உடுமுங்களா?” என்றான், என்னை இரக்கத்தோடு பார்த்து.

20-5-1936
உத்தரவு வந்தது: இனிமேல் பழையபடி சூலம். மலைக் காய்ச்சலுக்குப் பயந்து இந்த வேலைக்கு வேறு யாரும் மனுப் போடாததால், அடியேனும் பழையபடி.

மோர் வந்தது. குடித்தேன்.

14-6-1936
கருப்பண்ணன் சாமை விதைத்து முடித்தான். நல்ல மழை.

5-7-1936
கண்ணாயி எனக்கு ஒரு கிடாரிக் கன்று கொடுத்தார். “ஒண்டிக்கட்டைக்கு ஊட்டுல ஒரு சீவன் வேணுமில்லீங்களா?” கறுப்பு; நெற்றியில் மட்டும் வெள்ளை. என் சட்டை நுனியைத் தின்றுவிட்டது.

9-7-1936
சிறுத்தை மறுபடி வந்திருக்கிறதாம். எனக்குக் கற்பூரம், வாய்க்கட்டு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

சாயங்காலம் கன்றைப் பிடித்துக்கொண்டு சின்னராசு பட்டறைக்குப் போனேன். அவன் ஒன்றும் கேட்காமல் அந்த வளைந்த கம்பியை அடுப்பில் வைத்தான்.