ஏழாவது கணக்கு

ஜூலை 3, வியாழன்

அப்பா வண்டியை விற்கப் போகிறார். கிக்கரை உதைத்து உதைத்து அவர் முழங்கால் போய்விட்டது. இனி பட்டனைத் தட்டினால் கிளம்புகிற வண்டிதான் வேண்டுமாம். "விற்பனைக்கு" என்று அட்டையில் எழுதி, வண்டியின் கண்ணாடியில் தொங்கவிட்டது நான்தான்.

அட்டையில் எழுதாத ஒன்று இருக்கிறது. ஏப்ரலில் பழைய இஞ்சின் இறுகிப்போய், மெக்கானிக் அண்ணன் அதே மாடலில் வேறொரு இஞ்சினைக் கொண்டுவந்து மாட்டினார். டார்ச் பிடித்தது நான். அதிலிருந்த நம்பரைப் படிக்கச் சொன்னார். கடைசி மூன்று எண்கள் 417. வண்டியின் ஆர்.சி. புத்தகத்திலோ 862. "அண்ணே, ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய் நம்பரை மாத்திடுங்க, மறந்துடாதீங்க" என்றார். அப்பா "நாளைக்கு" என்றார். அந்த நாளை இன்னும் வரவில்லை.

அதே டார்ச்சோடு போர்வைக்குள் எழுதிக்கொண்டிருக்கிறேன். பேட்டரி எப்படித் தீர்கிறது என்று அப்பாவுக்கு மாதாமாதம் ஆச்சரியம்.

ஜூலை 5, சனி

வண்டி பார்க்க யார் வந்தது தெரியுமா? சிவப்பு மை!

எங்கள் கணக்கு டீச்சர். அவர் பேனா பட்டால் நோட்டு ரத்தக்களரியாகிவிடும் என்பதால் அந்தப் பெயர். கையில் தலைக்கவசத்தோடு எங்கள் வாசலில் நிற்கிறார். கதவைத் திறந்தவள் அப்படியே விறைத்து நின்றேன். "நீயா? சரி, உக்காரு" என்றார். என் வீட்டில், என்னை! உட்கார்ந்துவிட்டேன்.

அவர் வீடு கடைசி பஸ் நிறுத்தத்தையும் தாண்டியாம். தெருவை மூன்று சுற்று சுற்றினார். திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டிருந்தார். சிவப்பு மைக்குப் பல் இருக்கிறது என்பதே இன்றைக்குத்தான் தெரியும்.

"இத்தனை வருஷத்து வண்டியா இது? இஞ்சின் புதுசு மாதிரி ஓடுதே!"

"நல்லா பாத்துக்கிட்டோம் டீச்சர்," என்றார் அப்பா.

நான் கொண்டுவந்த தண்ணீர் பாதி தரையில். அடுத்த ஞாயிறு முடிவு சொல்வதாகப் போய்விட்டார்.

ஜூலை 6, ஞாயிறு

அம்மா, "சொல்லிட்டே வித்துடலாமேங்க" என்றாள். "கேட்டா மறைக்க மாட்டேன். கேக்காதவங்ககிட்ட நானா எதுக்கு வாயைக் கொடுக்கணும்?" என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்த்து, "வீட்டு விஷயம் பள்ளிக்கூடத்துக்குப் போகக்கூடாது, என்ன?"

தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

ஜூலை 8, செவ்வாய்

இன்று டீச்சர் கரும்பலகையில் எழுதினார்: "ஒரு மோட்டார் சைக்கிள் மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது." வகுப்பே வாயைப் பிளந்தது. இத்தனை நாளும் ரயில்தான் போய்க்கொண்டிருந்தது!

அவ்வளவு ஆசை அவருக்கு. வழியில் யாராவது நிறுத்தி நம்பரைப் பார்த்தால்? திருட்டு இஞ்சின் என்று அவரைப் பிடித்து வைத்துக்கொண்டால்? மறுநாள் முதல் பீரியட் கணக்கு. நான் எந்த முகத்தோடு உட்காருவேன்? சொன்னாலோ — அப்பா முகத்தை எப்படிப் பார்ப்பது? ஐயோ, யார்கிட்ட போய்ச் சொல்றது இதை?

ஜூலை 9, புதன்

எழுதிவிட்டேன். வீட்டுப்பாடம் ஆறு கணக்கு. அதற்குக் கீழே —

"7. புத்தகத்தில் இஞ்சின் நம்பர் 862 என்று முடிகிறது. இஞ்சினில் 417. ஏன்? விடை: ஏப்ரலில் மாற்றினோம். மாற்றிய இஞ்சின் நல்லது. அப்பாவும் நல்லவர்."

கிழித்துவிடலாமா? கிழித்தால் ஆறு கணக்கும் போகும். மறுபடி போட முடியாது. இருக்கட்டும்.

ஜூலை 10, வியாழன்

நோட்டு வந்தது. ஏழாவதுக்குக் கீழே சிவப்பு மையில்: "விடை சரி. ஆறாவது தவறு."

அவ்வளவுதான். வகுப்பில் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

ஜூலை 11, வெள்ளி

வெள்ளிக்கிழமைதோறும் அந்த வாரப் பக்கங்களில் வீட்டிலிருந்து கையெழுத்து வாங்கி வர வேண்டும். "மறந்துட்டேன் டீச்சர்" என்றேன். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "திங்கள்கிழமை."

ஜூலை 13, ஞாயிறு

பகலெல்லாம் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

டீச்சர் வந்ததும், "டார்ச் இருக்கா?" என்று கேட்டார். டார்ச் மினுக் மினுக்கென்றது. (என் தப்புதான்.) குனிந்து, புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். "417 போட்டிருக்கே சார். இதுல 862."

அப்பா என்னைப் பார்ப்பாரோ என்று கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். பிறகு அப்பா எல்லாவற்றையும் சொன்னார். மெக்கானிக் கொடுத்த ரசீதை எடுத்து வந்தார். "நானே சொல்லியிருக்கணும் டீச்சர், தப்புதான்" என்றார். அப்பா தப்பு என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

"முதல்ல புத்தகத்துல நம்பரை மாத்திட்டு வாங்க. வண்டி எனக்குத்தான். இப்படி ஒரு இஞ்சின் வேற எங்க கிடைக்கும்?"

அவர் போனதும் அப்பா, "அந்தம்மாவுக்கு என்ன கண்ணு! நேரா நம்பர்லயே போய் நின்னாங்களே!" என்று அம்மாவிடம் வியந்துகொண்டே இருந்தார். நான் தலையணையைக் கடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் சிரிப்பு நின்றது. ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு நைட் டியூட்டி. அவசரமாகக் கிளம்பியவள், "கையெழுத்தை அப்பாகிட்ட வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நோட்டை நீட்டினேன். அம்மா மாதிரி பார்க்காமலே போட்டுவிடுவார் என்று நினைத்தேன். அப்பா முதல் கணக்கிலிருந்து வாசித்தார். விரலை வைத்து வாசித்தார். விரல் ஏழாவதில் நின்றது. "அப்பாவும் நல்லவர்" என்ற இடத்தில் ரொம்ப நேரம் நின்றது.

எதில் கையெழுத்து என்றாலும் ஒரு சுழிதான் போடுவார். இன்று முழுப் பெயரையும் எழுதினார். நோட்டை மூடி என் கையில் கொடுத்தார்.

"ஆறாவதைத் திரும்பப் போடு."

ஜூலை 18, வெள்ளி

புதனன்று நம்பர் மாறியது. நேற்று வண்டியும் போய்விட்டது. இன்று காலை டடடடவென்று பள்ளி வாசலில் அதே சத்தம். எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். சிவப்பு மை ஒரே உதையில் ஸ்டாண்டைத் தள்ளி நிறுத்தினார். "அது எங்க வண்டி!" என்று கத்தினேன். எல்லோரும் என்னை ராணியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

ஆறாவது கணக்கு எனக்கு இன்னும் வரவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

பட்டன் வைத்த பழைய வண்டி ஒன்று பார்க்கப் போனோம். விற்கிறவர் பெயின்டைக் காட்டிப் பேசிக்கொண்டே இருந்தார். அப்பா பையிலிருந்து டார்ச்சை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"புத்தகத்தை நான் பாக்கறேன். நம்பரை நீ படிம்மா."

தெருவுக்கே கேட்கிற மாதிரி படித்தேன். ஒன்றுகூட மாறவில்லை.

டார்ச்சில் புது பேட்டரி போட்டிருக்கிறார். இப்போது போர்வைக்குள் பகல் மாதிரி வெளிச்சம். இன்னும் நாலு பக்கம் எழுதலாம். தூக்கம் வருகிறது.