அரைக்கிலோ எடைக்கல்

அன்புள்ள அம்மாவுக்கு,

போபாலிலிருந்து லாஸ்யா. உங்கள் முழங்கால் வலி தேவலையா? அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறாரா? போனில் பேசினால் ஸ்பீக்கரில் போடச் சொல்வார், அதனால்தான் எழுதுகிறேன்.

அணிக்கான தேர்வுப் போட்டி நன்றாகத்தான் போனது. போத்தனூர் பட்டறையில் அப்பா என் பழைய ஏர் பிஸ்டலுக்குக் கடைந்து போட்ட பிஸ்டன் துளிக் காற்றையும் விடவில்லை. ஒரு பம்ப் அடித்தால் போதும், எல்லாக் குண்டும் ஒரே வேகம். இதுவரை நான் இவ்வளவு நன்றாகச் சுட்டதே இல்லை.

முடிந்ததும் டிரிக்கரில் அரைக்கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். அந்தப் பாரத்தைத் தாங்கினால்தான் சுட்டது செல்லும். காலையில் தாங்கியது. அப்புறம் தேய்ந்திருக்கும் போல, இப்போது கல் தொங்கியதுமே டிரிக்கர் டக்கென்று விட்டுவிட்டது. என் பேரை அடித்துவிட்டார்கள். வேறொன்றுமில்லை.

"தொட்டா வெண்ணெயாட்ட இருக்கோணும் அம்மணி" என்று ஞாயிற்றுக்கிழமையும் பட்டறையைத் திறந்து அப்பா அரம் போட்டாரே, அந்த டிரிக்கர்தான். அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

இனி இந்த வயதில் என்னைக் கூப்பிட மாட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சுடக் கற்றுக்கொடுத்துவிட்டு அறைக்கு வந்தால் பேச ஆளில்லை. பிஸ்டல் பெட்டியைத் திறக்கக் கை வரவில்லை. பருப்புப் பொடி தீர்ந்துவிட்டது. அனுப்பும்போது நீங்கள் கட்டிப் பழகிய சேலை ஒன்றையும் வையுங்கள், போர்த்திக்கொள்கிறேன். துவைக்க வேண்டாம்.

பிள்ளைகள் வந்துவிட்டார்கள். டிரிக்கர் எப்படி இருக்குதுன்னு அப்பா கேட்டா, வெண்ணெயாட்ட இருக்குதுன்னு சொல்லிப்போடுங்கம்மா. அது பொய்யில்லை.

லாஸ்யா