முட்டை வெடித்த வாரம்

மார்ச் 3, செவ்வாய்

முட்டை வெடிக்கும் என்று இத்தனை வயசுக்கு இன்றுதான் தெரிந்தது. இரண்டை வேகப் போட்டிருந்தேன். அக்கா போனில் கூப்பிட்டாள். அம்மாவின் தையல் மெஷினை யார் தூக்கிக்கொண்டு போனது என்று பேச்சு வந்தது. அவள்தான். மழை பெய்த வெள்ளிக்கிழமை, என் கண்ணால் பார்த்தேன். அதை அவளுக்கு நினைவுபடுத்தி முடிப்பதற்குள் தண்ணீர் வற்றி, டமார். மஞ்சள் கரு சீலிங்கில். பாத்திரம் கரி.

கீழ்வீட்டுக்காரி ஓடி வந்தாள். உதவிக்கா? மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்துவிட்டு, படி இறங்கும் முன்பே என் மகளுக்குப் போன். என் சல்லடையை இரவல் வாங்கிக் கிழித்துக் கொடுத்தவள்தானே.

மார்ச் 4, புதன்

மகள் வந்தாள். நேரே அடுப்படிக்குத்தான் போனாள்.

"உனக்கு மறதி வந்துடுச்சும்மா. அடுப்பை நான் எடுத்துட்டுப் போறேன். சாப்பாடு டப்பாவுல வந்துடும்."

"மறதியா, எனக்கா? ஒண்ணாங்கிளாஸ்ல நீ யார் ரப்பரைத் தின்னேன்னு சொல்லவா?"

"அதெல்லாம் ஞாபகம் இருக்கு. அடுப்பு எரியறதுதான் ஞாபகம் இல்ல."

என் வயிற்றில் பிறந்தவளாச்சே, வாய் இல்லாமல் போகுமா.

ஞாயிறு வரை தவணை வாங்கியிருக்கிறேன். அவள் முன்னால் முட்டை அவித்துக் காட்ட வேண்டும். தவறினால் அடுப்பு போகும். அடுப்பு போனால் என் வீட்டிலேயே நான் விருந்தாளி.

மார்ச் 5, வியாழன்

அடுப்பை விட்டு நகராமல் நின்று அவித்தேன். கால் மரத்துப்போனது. ஒரு நாள் நிற்கலாம். தினமுமா?

மார்ச் 6, வெள்ளி

சாப்பிடாமலே எழுத உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தில்தான்.

தண்ணீர் தளதளவென்று கொதிக்கிற நேரம் பார்த்து கேஸ் தீர்ந்தது. எரிச்சலில் பாத்திரத்தின் மேல் ஒரு தட்டைப் போட்டு மூடிவிட்டு, கேஸ்காரனிடம் போனில் சண்டைக்குப் போய்விட்டேன். போன தடவை "தெருமுனையில இருக்கேன் பாட்டி" என்று நாள் முழுக்கப் பொய் சொன்னவன். அவனை ஒரு வழி பண்ணிவிட்டு வந்து, முட்டை வீணாய்ப் போச்சே என்று ஒன்றை உடைத்தால் — வெந்திருக்கிறது. மஞ்சள் கரு முழுசாய், கெட்டியாய். இன்னொன்றையும் உடைத்தேன். அதுவும்.

நெருப்பே இல்லாமல்! சுடுதண்ணீரே வேகவைத்துவிட்டது. அப்படியென்றால் — கொதித்ததும் அணைத்து மூடிவிட்டால் போதுமே. அப்புறம் நான் மறந்தால்தான் என்ன, அக்காவோடு பொழுது சாயும்வரை சண்டை போட்டால்தான் என்ன?

மார்ச் 7, சனி

புது சிலிண்டர் வந்தது. மறுபடி செய்து பார்த்தேன். வெந்தது. மூன்றாம் வகுப்பில் டீச்சர் எனக்குப் போட்ட முட்டையெல்லாம் இப்போதுதான் வெந்தது.

மார்ச் 8, ஞாயிறு

மகள் அடுப்புக்கு எதிரே நாற்காலி போட்டு ஜட்ஜ் மாதிரி உட்கார்ந்தாள். கொதித்தது. அணைத்தேன். மூடினேன். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்னம்மா, அதுக்குள்ள அணைச்சிட்ட? பச்சையா இருக்கும்."

"இருந்தா இருக்கட்டும். நீ உன் மாமியார் கதையைச் சொல்லு."

சொன்னாள். நீளக் கதை. அந்த அம்மாள் செய்த ஒன்றையும் இவள் மறக்கவில்லை. கேட்கவே குளிர்ச்சியாக இருந்தது.

பிறகு உரித்துக் கொடுத்தேன். கடித்தாள். கடித்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மீதியையும் தின்றாள். அடுப்பைக் கழற்ற ஸ்பானர் கொண்டுவந்திருந்தாள். அதைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை.

மார்ச் 10, செவ்வாய்

"என்னக்கா, சத்தத்தையே காணோம், உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கீழ்வீட்டுக்காரி மோப்பம் பிடிக்க வந்தாள். சூடாக ஒரு முட்டை கொடுத்தேன். உப்பு கேட்டாள்.

அவள் வீட்டில் இருக்கும்.